போர் தண்ணீரில் டிஷ்வாஷர்: கோளாறு அறிதலும் பராமரிப்பும்

துவரம்பருப்பு வேக மறுக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாத்திரம் மட்டும் பளிச்சென்று வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கார்ப்பரேஷன் குழாயில் வரும் வைகைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீரை மாடித் தொட்டியில் ஏற்றும் வீடுகளே அதிகம். டிஷ்வாஷர் அந்த மாடித் தொட்டித் தண்ணீரில்தான் ஓடுகிறது. ஆகையால் இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்பதே என் முதல் யோசனை.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பாட்டிலில் பாதியளவு போர் தண்ணீரையும் இன்னொன்றில் அதே அளவு ஆர்.ஓ. தண்ணீரையும் எடுத்து, இரண்டிலும் குளியல் சோப்பைச் சீவிச் சிறிதளவு போட்டுக் குலுக்கினால், ஒன்றில் நுரை பொங்கும். கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் கலந்த கடினத் தண்ணீரிலோ நுரைக்குப் பதிலாகத் தயிர் திரிந்ததைப் போன்ற வெள்ளைப் பிசுக்கு மிதக்கும். துல்லியமான எண் வேண்டுமென்றால் கடினத்தன்மையை அளக்கும் சோதனைத் தாளை வாங்கலாம், அல்லது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். கையில் பிடித்து நனைக்கும் டி.டி.எஸ். மீட்டர் இந்த வேலைக்கு உதவாது. அது கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுமே தவிர, கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஆய்வக முடிவு ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும், இயந்திரத்தின் கையேடோ பெரும்பாலும் ஜெர்மன் டிகிரி என்ற கடினத்தன்மை அளவில் பேசும். முதல் எண்ணை 17.8 ஆல் வகுத்தால் இரண்டாவது கிடைத்துவிடும். 450 மில்லிகிராம் என்றால் சுமார் 25 டிகிரி. அந்த எண்ணுக்கு உரிய நிலையில் இயந்திரத்தின் தண்ணீர் மென்மையாக்கும் அமைப்பை வைக்க வேண்டும். கடையிலிருந்து வந்த அமைப்பிலேயே ஓட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

டிஷ்வாஷரில் போடும் உப்பு எதற்கு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தின் அடியில் ரெசின் எனப்படும் சிறு மணிகள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. தண்ணீர் அதன் வழியே போகும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசல்தான் அவற்றைக் கழுவி மறுபடியும் தயார்ப்படுத்துகிறது. உப்பு தீர்ந்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் திரும்பி வருவதற்குக் காரணம் இதுதான். சமையல் தூள் உப்பைப் போடக் கூடாது. அதன் நுண்ணிய துகளும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள்களும் வழியை அடைத்துவிடும். டிஷ்வாஷருக்கென்றே விற்கும் பரல் உப்பைத்தான் வாங்க வேண்டும். முதல் தடவை மட்டும் உப்பு அறையில் தண்ணீர் நிரப்ப வேண்டும், பிறகு தேவையில்லை. உப்பைப் போட்டு மூடியை இறுக்கி, உடனே ஒரு கழுவலை ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்பு ராத்திரி முழுவதும் கிடந்தால் எவர்சில்வர் அடித்தட்டிலும் துருப்புள்ளி விழும். உப்பு அறைக்குள் சோப்புத்தூளைத் தவறிப் போட்டுவிட்டால் மென்மையாக்கும் அமைப்பே கெட்டுவிடும் என்பதால், இந்த வேலையை வீட்டில் ஒருவரே செய்வது நல்லது.

கண்ணாடி டம்ளரில் வெண்மை படிந்தால் ஒரு துளி எலுமிச்சைச் சாற்றை அங்கே தேய்த்துப் பாருங்கள். அது கரைந்தால் படிந்திருப்பது சுண்ணாம்பு. உப்பையும் அமைப்பையும் சரிபார்க்க வேண்டும். கரையாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது.

இனி அழுக்கு சரியாகப் போகாத சிக்கலுக்கு வருகிறேன். ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு மேல்தட்டுப் பாத்திரங்களில் மட்டும் சாம்பார் ஒட்டியபடியே இருந்தது. சோப்பை மாற்றினேன், சூட்டைக் கூட்டினேன், பலனில்லை. கடைசியில் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் மேல் சுழல்கையைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டியபோது கிலுகிலுப்பை போலச் சத்தம் கேட்டது. உள்ளே கடுகு. தாளித்த கடுகு ஒவ்வொரு துளையிலும் ஒன்றாக, அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்திருந்தது. துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளி, குழாயடியில் பிடித்து அலசியதும் சரியாகிவிட்டது. ஊக்கையோ கம்பியையோ விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகித் தண்ணீரின் வேகம் குறைந்துவிடும், ஈர்க்குச்சிதான் உத்தமம்.

கடுகு அங்கே போனதற்கு அடியில் இருக்கும் சல்லடைதான் பொறுப்பு. சல்லடை சரியாகப் பூட்டப்படாமல் ஒருபக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் துணுக்குகள் பம்பின் வழியே மேலேறிவிடும். வாரம் ஒரு முறை கீழ்த்தட்டை வெளியே எடுத்து, நடுவிலுள்ள உருளைச் சல்லடையைத் திருகிக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, ‘டக்’கென்று பூட்டும் வரை திருப்பி வையுங்கள். நம் சமையலில் கறிவேப்பிலை, புளிச்சக்கை, தேங்காய்த் துருவல் ஆகியவற்றை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுக்கினாலே போதும். குழாயில் முழுதாகக் கழுவிவிட்டு அடுக்குவது இரட்டை வேலை. மாவரைத்த பாத்திரம் மட்டும் விதிவிலக்கு. காய்ந்த உளுந்து மாவு பசையாகிவிடும் என்பதால் அதை ஊறவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

கழுவி முடிந்தும் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால், மின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேங்கியதைக் கரண்டியால் மொண்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, சல்லடைக் குழிக்குள் பாருங்கள். பல இயந்திரங்களில் வடிகால் பம்பின் மேல் கழற்றக்கூடிய சிறு மூடி இருக்கும். அதன் அடியிலுள்ள விசிறியில் புளியங்கொட்டையோ எலுமிச்சை விதையோ உடைந்த கண்ணாடித் துண்டோ சிக்கியிருக்கலாம். வெறுங்கையை விடாதீர்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் வடிகால் குழாய் மடங்கியிருக்கிறதா, சிங்க்குக் கீழுள்ள பைப் அடைத்திருக்கிறதா, பின்கட்டில் எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. இயந்திரம் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் நிரம்பாது. வடிகால் குழாயின் முனையைப் பின்கட்டுத் தரையில் அப்படியே போட்டுவிட்டால், உள்ளே வரும் தண்ணீர் தானாகவே இழுபட்டு வெளியேறிவிடும். குழாயைக் கையேடு சொல்லும் உயரத்துக்கு ஒருமுறை மேலே தூக்கிக் கட்டிவிட்டுத்தான் கீழே இறக்க வேண்டும்.

மெதுவாக நிரம்பி, தண்ணீர் வரவில்லை என்று பிழை காட்டினால், முதலில் குழாயை மூடிவிட்டு, உள்வரும் ஹோஸின் முனையிலுள்ள சிறு வலையைக் கழற்றி மணலைக் கழுவுங்கள். அதன்பிறகும் சரியாகாவிட்டால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்துக்கு மேலே 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடியில் குடியிருப்பவர்களின் சமையலறைக்கு நேர் மேலே தொட்டி இருந்தால் அழுத்தம் 0.3 பாரைத் தொடுவதே சிரமம், அது இயந்திரத்துக்குப் போதாமல் போகலாம். அங்கே சிறிய பிரஷர் பம்பு வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை 16 ஆம்பியர் சாக்கெட்டும் முறையான எர்த்தும் கட்டாயம். தண்ணீரைச் சுடவைக்கும் இயந்திரத்தை வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்கக் கூடாது.

பாத்திரம் தேய்க்கும் லிக்விடைச் சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். நுரை பொங்கிக் கதவு வழியே வழியும். இரும்புத் தோசைக்கல், ஈயச்செம்பு, பித்தளை, கல்சட்டி, மர மத்து ஆகியவை கையால் கழுவப்பட வேண்டியவையே. அலுமினிய இட்லித்தட்டு கறுத்துப்போகும். எவர்சில்வர் தட்டுக்குப் பயமில்லை.

மாதம் ஒரு முறை, மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தரும் சிட்ரிக் அமிலத்தைச் சில மேசைக்கரண்டி உள்ளே போட்டு, பாத்திரமோ சோப்போ இல்லாமல் அதிகச் சூட்டில் ஓட்டினால் உட்புறச் சுண்ணாம்பு கரையும். அதனுடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் படுவதில்லை. நாற்றமும் கரப்பான் பூச்சியும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அதையும் ரப்பர் பட்டையையும் ஈரத்துணியால் துடைத்து, வேலை முடிந்ததும் கதவைச் சற்றே திறந்து வையுங்கள்.

இயந்திரத்தின் ஸ்விட்சை அணைத்த பிறகும் பம்பு ஓடிக்கொண்டே இருந்தால், கசிந்த தண்ணீர் அடித்தட்டில் சேர்ந்து, கசிவைக் கண்டறியும் மிதவையைத் தூக்கியிருக்க வாய்ப்புண்டு. இயந்திரத்தைச் சாய்த்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பம்பு நிற்கும், கசிவு நிற்காது. தண்ணீர்க் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எந்தக் கட்டத்தில் அது நின்றது, திரையில் என்ன எழுத்து வந்தது என்பதை முன்னதாகவே ஒரு தாளில் குறித்து வைத்தால், அவருக்கு இரண்டாவது முறை வர வேண்டிய அவசியம் இருக்காது.