மசாடா கோட்டைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: எந்தப் பக்கம் ஏறுவது, எதை முதலில் பார்ப்பது

இஸ்ரேலில் சாக்கடலின் மேற்குக் கரையோரம், யூதேயப் பாலைவனத்தில் தனித்து நிற்கும் மொட்டைப் பாறைமலைதான் மசாடா. உச்சி தட்டையானது, சுமார் 600 மீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம். கி.மு. 37க்கும் 31க்கும் இடையில் யூதேயாவை ஆண்ட ஏரோது மன்னன் இதைக் கோட்டையாக்கினான். பின்னாளில் ரோமுக்கு எதிரான யூதக் கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த இதை, கி.பி. 73 அல்லது 74இல் ரோமப் படை முற்றுகையிட்டுப் பிடித்தது. இவ்வளவு பழைய இடத்துக்கு வந்தும் "வெறும் கல்லும் சுவரும்தானே" என்று அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. இங்கே தண்ணீர் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அப்படி இறங்க மனசு வராது.

படி 1: நாள்

நவம்பர் முதல் மார்ச் வரை வெயில் தாங்கக்கூடியது. ஆனால் அதுதான் திடீர் வெள்ளத்தின் பருவமும். எருசலேம் மலைகளில் மழை பெய்தால், இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே ஓடைகளில் வெள்ளம் இறங்கும்; சாக்கடல் சாலையை மூடிவிடுவார்கள். அன்று காலை சாலை நிலவரம், பாதுகாப்பு அறிவிப்பு இரண்டையும் பாருங்கள். பேருந்தை நம்பிப் போகிறவர்கள் வெள்ளி, சனியைத் தவிர்ப்பது நல்லது. யூதர்களின் ஓய்வுநாள் காரணமாக வெள்ளி பிற்பகலில் நிற்கும் பேருந்துகள் சனி மாலைக்குப் பிறகுதான் ஓடும்.

படி 2: பக்கம்

முதல்முறை போகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். மலைக்கு இரண்டு வாசல். கிழக்கே சாக்கடல் பக்கம் ரோப் காரும், பாம்புப் பாதை என்ற வளைந்து ஏறும் நடைபாதையும், அருங்காட்சியகமும் இருக்கின்றன. மேற்கே, ஆராத் ஊர் வழியாக வந்தால் முற்றுகையின்போது ரோமர்கள் எழுப்பிய மண்சரிவு. மலையடியைச் சுற்றி இரண்டையும் இணைக்கும் சாலை கிடையாது. மேற்கில் காரை விட்டுவிட்டுக் கிழக்கே இறங்கினால், ஆராத் சுற்றித்தான் திரும்ப வேண்டும். காரிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம். எருசலேமிலிருந்து வரும் பேருந்துகள் நிற்பது கிழக்குப் பக்கம்.

பாம்புப் பாதை சுமார் 2 கிலோமீட்டர், 350 மீட்டர் ஏற்றம். சாதாரண நடையில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். மேற்குச் சரிவு 15–20 நிமிடம்தான். முட்டிவலி உள்ளவர்கள் தயங்காமல் ரோப் காரில் போகலாம்.

படி 3: ஏற்றம்

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், அகல விளிம்புத் தொப்பி, பிடிமானமுள்ள காலணி. செருப்போடு வந்தால் இறங்கும்போது சரளைக்கல் வழுக்கும். மேலே குடிநீர்க் குழாய் உண்டு, சாப்பாடு கிடைக்காது. பாம்புப் பாதையை விடியலுக்கு முன்பே திறப்பார்கள். பாதை கிழக்கைப் பார்த்தது. சாக்கடலுக்கு அக்கரையிலுள்ள மோவாப் மலைகளுக்கு மேல் சூரியன் எழுந்த நிமிடமே வெயில் நேராக முகத்தில் அடிக்கும், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. கடும் வெயில் நாட்களில் காலையிலேயே பாதையை மூடிவிடுவதும் உண்டு. அதனால் சூரியன் வருவதற்குள் உச்சியில் இருங்கள்.

படி 4: மேலே

சுவர்களில் ஓடும் கறுப்புக் கோட்டைக் கவனியுங்கள். கோட்டுக்குக் கீழே இருப்பது பழைய சுவர், மேலே இருப்பது அகழாய்வுக்குப் பின் தூக்கிக் கட்டியது. இது தெரியாமல் பார்த்தால் எது பழசு, எது புதுசு என்றே புரியாது.

வெயில் ஏறும் முன் வட அரண்மனைக்குப் போய்விடுங்கள். செங்குத்துப் பாறை முனையில் மூன்று அடுக்கு, படிகள் அதிகம். கீழடுக்கில் தூண்களுக்கு அருகே நில்லுங்கள். ஒரே கல்லில் செதுக்கியவை போலிருக்கும். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில்தான் தெரியும்: வட்டக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பூசி, பூச்சிலேயே வரிப்பள்ளம் இழுத்திருக்கிறார்கள். சுவரில் இருப்பதும் பளிங்கு இல்லை, பளிங்கு போலத் தீட்டிய வண்ணம்.

அடுத்து குளியல்கூடம். வெந்நீர் அறையின் தரையைத் தாங்க ஏறக்குறைய 200 குட்டைத் தூண்கள். அடுப்பின் வெப்பம் அந்தத் தூண்களுக்கு இடையே ஓடி, சுவருக்குள் பதித்த மண்குழாய்கள் வழியே ஏறும். இந்தப் பாலைவனத்தில் குளிக்கத் தண்ணீர் ஏது? வடமேற்குச் சரிவைப் பாருங்கள். பக்கத்து ஓடைகளின் மழைவெள்ளத்தை அணைகட்டித் திருப்பி, வாய்க்கால் வழியாகப் பாறையில் குடைந்த 12 தொட்டிகளில் நிரப்பினார்கள். கொள்ளளவு சுமார் 40,000 கன மீட்டர், அதாவது நான்கு கோடி லிட்டர். அங்கிருந்து ஆளும் மிருகமும் சுமந்துதான் உச்சித் தொட்டிகளுக்கு வந்தது. தெற்குக் கோடியில் ஒரு பெரிய நிலத்தடித் தொட்டிக்குள் நீங்களே இறங்கலாம். உள்ளே சுவர்ப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வடமேற்கு மதிலை ஒட்டிய யூத ஜெப ஆலயத்தில் உபாகமம், எசேக்கியேல் என்ற வேதநூல்களின் சுருள் துண்டுகள் தரைக்கடியில் கிடைத்தன. அங்கிருந்து மேற்கு விளிம்புக்கு வந்து ரோமச் சரிவைப் பாருங்கள். மண்ணுக்குள்ளிருந்து மரத்துண்டுகள் நீட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியும். மண் சரியாமலிருக்க ரோம வீரர்கள் அடுக்கியவை. கீழே சதுரம் சதுரமாகத் தெரிவது அவர்களின் பாசறைகள். மலையைச் சுற்றி எட்டு.

கோட்டைக்குள் இருந்த யூதர்கள் 960 பேர் சரணடைய மறுத்து, யார் மற்றவர்களைக் கொல்வது என்று சீட்டுப் போட்டு மாண்டதாகவும், இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும் மட்டும் பிழைத்ததாகவும் வழிகாட்டிகள் சொல்வார்கள். அதை எழுதிய ஒரே பழைய ஆசிரியர், அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ். அவர் முற்றுகையின்போது அங்கே இல்லை. 1963–65இல் இஸ்ரேலியத் தொல்லியலாளர் யிகாயேல் யாதின் நடத்திய அகழாய்வில் ஒற்றைப் பெயர் எழுதிய 11 ஓட்டுச்சில்லுகள் கிடைத்தன. ஒன்றில் கிளர்ச்சியாளர்களின் தலைவன் பெயரான 'பென் யாயிர்'. கடைசி இரவில் போட்ட சீட்டுகள் இவை என்று யாதின் கருதினார், ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. மேலே நிற்கும்போது கண்ணால் காண்பதையும் ஜோசப்பஸ் சொன்னதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இறக்கம்

நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். நடந்து ஏறியவர்களும் திரும்ப ரோப் காரில் இறங்கலாம். ஒருவழிச் சீட்டு கிடைக்கும். கடைசி ரோப் கார் எத்தனை மணிக்கு என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்திலும் வெள்ளிக்கிழமையிலும் முன்னதாகவே மூடிவிடுகிறார்கள்.