டிஜிட்டல் பெட்டியும் அனலாக் பழக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்து நின்றதும், நம்மில் பலருடைய கை தானாகவே போய் செட்டாப் பாக்ஸின் தலையில் ஒரு தட்டு தட்டுகிறது. அடுத்து, பின்னால் இருக்கும் வயரைப் பிடித்து ஆட்டுகிறது. அனலாக் காலத்தில் இப்படிச் செய்து பலன் கண்டவர்கள் நாம். டிஜிட்டல் பெட்டி வீட்டுக்கு வந்து ஆண்டுகள் பல ஆகியும் அதே பழக்கங்கள் தொடர்வதால், பழுது இல்லாத பெட்டிகள் மாற்றப்படுகின்றன, தேவையில்லாத கருவிகள் வாங்கப்படுகின்றன, உண்மையான கோளாறு அப்படியே இருக்கிறது. இந்தத் தவறுகளில் பெரும்பாலானவற்றைக் காசு செலவில்லாமலே தவிர்க்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் அனலாக் கேபிளிலிருந்து டிஜிட்டலுக்கு வந்த இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டத்தில் 2011-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தைத் தொடர்ந்து, சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 என்றும், கோயம்புத்தூர் உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31 என்றும் கெடு விதிக்கப்பட்டது. மற்ற நகர்ப்புறங்களுக்கான கெடு பலமுறை தள்ளிப்போய் 2017 ஜனவரி 31-இலும், கிராமப்புறங்களுக்கானது அதே ஆண்டு மார்ச் 31-இலும் வந்து நின்றது. அரசு கேபிள் நிறுவனம் 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் பெற்று, செப்டம்பரில் விலையில்லா செட்டாப் பாக்ஸ்களை வழங்கத் தொடங்கிய பிறகே கிராமத்து வீடுகள் பலவற்றுக்குப் பெட்டி வந்து சேர்ந்தது. வந்த பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த வீடுகளுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, சிக்னல் குறையும்போது இரண்டு முறைகளும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதுதான். அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும், நிழல் விழும், நிறம் மங்கும். ஆனாலும் ஏதோ ஒன்று தெரிந்துகொண்டே இருக்கும். இலங்கையின் பிதுருதலாகலை மலை உச்சியிலிருந்து வந்த ரூபவாஹினியைத் தென் தமிழ்நாட்டிலும், கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வந்த தூர்தர்ஷனை யாழ்ப்பாணத்திலும் அந்தக் காலத்தில் மக்கள் பார்த்தது இதனால்தான். கடல் தாண்டி நைந்து வந்த அலையையும் அனலாக் பெட்டி தன்னால் இயன்றவரை காட்டியது. டிஜிட்டலில் அப்படி இல்லை. வழியில் நேரும் பிழைகளைப் பெட்டியே கணக்கிட்டுத் திருத்திக்கொள்வதால், சிக்னல் பாதி கெட்டிருந்தாலும் படம் துல்லியமாகவே இருக்கும். திருத்தக்கூடிய எல்லையைப் பிழைகள் தாண்டிய மறுகணம் படம் உடைந்து, உறைந்து, மறைந்துவிடும். ஆகவே, "நேற்று வரை பளிச்சென்று இருந்தது, இன்று திடீரென்று போய்விட்டது, பெட்டிதான் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறு. கோளாறு சில மாதங்களாகவே வளர்ந்துகொண்டிருந்திருக்கும். நம் கண்ணுக்குத்தான் அது இன்று தெரிகிறது.

இதிலிருந்து பிறப்பதுதான், சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் கருவியை வாங்கும் தவறு. பெட்டியின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கோடுகள் இருக்கும்: ஒன்று சிக்னலின் வலிமை, மற்றொன்று அதன் தரம். பலரும் வலிமையை மட்டும் பார்க்கிறார்கள். வலிமை நிறைய இருந்தும் தரம் தாழ்ந்திருந்தால், வந்துசேரும் சிக்னலோடு இரைச்சலும் கலந்திருக்கிறது என்று பொருள். அங்கே பூஸ்டரை மாட்டினால் சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அளவுக்கு மீறிப் பெருக்கிய சிக்னல், பெட்டிக்குள் சிக்னலைப் பிரித்தறியும் டியூனரைத் திணறடித்து, ஓடிக்கொண்டிருந்த சேனல்களையும் நிறுத்திவிடக்கூடும். டிஷ் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: காற்றில் டிஷ் ஒரு விரற்கடை திரும்பிவிட்டால் அதைச் சரியான திசைக்குத் திருப்பி நிறுத்துவதுதான் வழி.

எங்கள் தாயார் வீட்டில் ஓர் ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. இரண்டு செய்திச் சேனல்களும் ஒரு பாட்டுச் சேனலும் மட்டும் தினமும் உடைந்துகொண்டிருந்தன; மற்ற எல்லாம் நன்றாக ஓடின. கேபிள் அலுவலகத்திலிருந்து வந்தவர் பெட்டியை மாற்றினார். மூன்றாம் நாள் பழைய கதைதான். மறுபடியும் மாற்றினார், மறுபடியும் அதேதான். கடைசியாக வயதில் மூத்த ஒரு தொழிலாளி வந்தார். "பெட்டியை விடுங்கம்மா, வயரைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, சன்னலுக்கு வெளியே இருந்த இணைப்பைத் திருகிக் கழற்றினார். உள்ளே நடுக்கம்பியின் செம்பு பச்சை பிடித்திருந்தது. சுற்றியிருக்கும் வலைப் பின்னலிலிருந்து முடி போன்ற ஓர் இழை வளைந்து நடுக்கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வயரை நான்கு விரல் அளவு வெட்டி எறிந்து, புது முனை போட்டு, சன்னலுக்குள் நுழையும் இடத்தில் வயரைச் சற்றே தொங்கலாக விட்டார். மழைத்தண்ணீர் வயர் வழியே ஓடி இணைப்புக்குள் இறங்காமல், அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடுவதற்காக அப்படிச் செய்தார். பத்து நிமிட வேலை. அந்தச் சேனல்கள் அதன் பிறகு உடையவில்லை.

அந்த மூன்று சேனல்கள் மட்டும் ஏன் கெட்டன என்பதில் எல்லா வீடுகளுக்கும் பயன்படும் ஒரு துப்பு இருக்கிறது. அனலாக் கேபிளில் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தை ஒரே சேனல் எடுத்துக்கொண்டது. டிஜிட்டலில் அதே இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்களைச் சுருக்கி, ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். ஆகவே, ஒரு சேனல் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் சேனல் புறப்படும் இடத்திலோ நம் சந்தாவிலோ இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில சேனல்கள் சேர்ந்து உடைந்தால் அவை ஒரே மூட்டையில் வருபவையாக இருக்கலாம். வயரையும் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். எல்லாமே போய்விட்டால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். புகார் கொடுக்கும்போது "டிவி ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்தெந்தச் சேனல்கள் எந்த நேரத்தில் உடைகின்றன என்பதைக் குறித்துச் சொல்வதும், திரையில் வரும் வாசகத்தை அப்படியே கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுவதும் வீண் அலைச்சலைக் குறைக்கும். சிக்னல் இல்லை என்ற அறிவிப்பும் சேனலுக்கு அனுமதி இல்லை என்ற அறிவிப்பும் வெவ்வேறு நோய்களின் அறிகுறிகள்.

பணம் கட்டிய பிறகும் சேனல் வரவில்லை என்று பெட்டியை அணைத்துவிட்டுக் காத்திருப்பதும் பரவலான தவறு. பார்க்கும் அனுமதி, சிக்னலோடு கலந்து வரும் ஒரு செய்தியாகத்தான் நம் பெட்டிக்கு வந்து சேர்கிறது. பெட்டி இயங்கிக்கொண்டு, சிக்னலைப் பெற்றுக்கொண்டிருந்தால்தான் அது அந்தச் செய்தியைப் பிடிக்கும். கட்டணம் செலுத்தியதும் பெட்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டு வைக்க வேண்டும்.

வாங்கும் இடத்தில் நடக்கும் தவறுகள் வேறு வகை. டிஜிட்டல் என்றதும் பழைய குழாய் டிவியைத் தூக்கிப் போட்டவர்கள் அநேகம். உண்மையில், மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற ஏவி துளைகள் உள்ள எந்தப் பழைய டிவியும் செட்டாப் பாக்ஸோடு வேலை செய்யும். ஆன்டெனா துளை மட்டுமே உள்ள மிகப் பழைய டிவிக்குக்கூட, செட்டாப் பாக்ஸின் படத்தை ஆன்டெனா சிக்னலாக மாற்றித் தரும் ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சிறு கருவி போதும். இதற்கு எதிர்ப்புறத் தவறும் உண்டு: ஸ்மார்ட் டிவி வாங்கிவிட்டால் கேபிளுக்குப் பெட்டியே தேவையில்லை என்று நம்புவது. கேபிள் சேனல்கள் பூட்டிய நிலையில் வருவதால், அந்தப் பூட்டைத் திறக்கும் பெட்டி எந்த டிவிக்கும் வேண்டும். "டிஜிட்டல் ஆன்டெனா" என்று விற்கப்படுவதை நம்பி ஏமாறுவதும் உண்டு. ஆன்டெனாவில் டிஜிட்டல், அனலாக் என்ற பேதம் இல்லை. சிக்னலைப் பிரித்தறியும் டியூனர்தான் டிஜிட்டலாக இருக்க வேண்டும். தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் தரைவழி நிலையங்களை, பாதுகாப்புக் காரணங்களுக்காக வைத்துக்கொண்ட சுமார் 50 தவிர, 2022 மார்ச்சுக்குள் மூட முடிவெடுத்துச் செயல்படுத்தியது. மாதக் கட்டணம் கட்ட விரும்பாதவர்கள் கூரையில் துருப்பிடித்த ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பதைவிட, டிஷ் வைத்து டிடி ஃப்ரீ டிஷ் சேவையைப் பெறுவதே பொருத்தம்.

பொருத்தும்போது நேரும் சில தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். புது டிவியில் ஹெச்டிஎம்ஐ துளை இருக்கும்போது, பழக்கத்தால் மூன்று நிற வயரையே மாட்டிவிட்டு, படம் மங்கலாக இருக்கிறது என்று வருந்துகிறார்கள். திரையில் முகங்கள் நீண்டோ உப்பியோ தெரிந்தால் அது சிக்னல் கோளாறும் இல்லை. பெட்டியின் மெனுவில் திரை அளவு 4:3 (பழைய டிவிக்கு) என்றும் 16:9 (அகலத்திரை டிவிக்கு) என்றும் இருப்பதில் நம் டிவிக்கு உரியதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அடாப்டர் தொலைந்தால், கைக்குக் கிடைத்த ரவுட்டர் அடாப்டரைச் செருகிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. பின் பொருந்தினாலும் வோல்ட் வேறாக இருக்கலாம்; பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அடாப்டரில் உள்ள எண்ணையும் ஒப்பிட்ட பிறகே செருக வேண்டும்.

கடைசியாக, காகிதம். பெட்டியை விலைக்கு வாங்கினோமா, வாடகைக்குப் பெற்றோமா என்பதே பல வீடுகளில் தெரியாது. கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கி, பெட்டியின் வரிசை எண்ணையும், பெட்டியில் செருகும் அட்டை இருந்தால் அதன் எண்ணையும் அதே ரசீதின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால், கொடுத்ததற்கும் ஓர் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாம் காலி செய்த வீட்டின் பெயரில் சந்தா பாக்கி ஏறிக்கொண்டிருக்கும், பெட்டி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் நம்மிடமே வந்து நிற்கும்.