துருப்பிடித்த ஜிப்ஸிக்கு வேறு பாடி மாற்றுவது எப்படி?

மாருதி ஜிப்ஸியில் எஞ்சின் கெடுவதற்கு முன்பே தகரம்தான் துருப்பிடித்துப் போகும். கால்மிதியைத் தூக்கினால் ரோடு தெரிகிறதா? கவலை வேண்டாம். 1985-இல் வந்த முதல் வண்டியிலிருந்தே இதில் பாடி தனி, சேஸ் (சக்கரமும் எஞ்சினும் பூட்டிய அடிச்சட்டம்) தனி. நடுவில் ரப்பர் வைத்து போல்ட்டால் முடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாடி வாங்குவதற்கு முன் உங்கள் சேஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ பொருக்கு உதிர்ந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். செத்த சேஸ் மேல் புதுப் பாடி வைத்துப் பயனில்லை. சேஸ் நம்பர் உள்ள இடத்தில் கிரைண்டரே போகக் கூடாது. கலர் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். வாங்கும் பாடி உங்கள் மாடலுக்கானதுதானா என்று அளந்து பாருங்கள். 970 சிசி பழைய வண்டியும் பிறகு வந்த 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங்கும் ஒன்றல்ல.

கழற்றுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பாடி போல்ட்களுக்கு துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். கழற்றும் அன்றைக்கு முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பிறகு பெட்ரோலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். பெட்ரோல் வாடை இருக்கும்வரை போல்ட்டைச் சூடாக்கும் கேஸ் டார்ச் கிட்டே வரக் கூடாது.

அடுத்து பாடிக்கும் சேஸுக்கும் நடுவே ஓடும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்: கிளட்ச், ஆக்சிலரேட்டர், ஸ்பீடோமீட்டர் கேபிள்கள், ஹேண்ட் பிரேக், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) போகும் பிரேக் பைப், பெட்ரோல் ஊற்றும் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், வயரிங். ஸ்டீயரிங் ஷாஃப்டைப் பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு. திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடுதான் துணை. ஒவ்வொரு சாக்கெட்டிலும் டேப் ஒட்டி எழுதுங்கள், போட்டோவும் எடுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்று நான் விட்டுவிட்டு, மூன்று வயரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கதவு, பானட், சீட் எல்லாம் கழன்றதும் பாடி லேசாகிவிடும். செயின் பிளாக் (சங்கிலியால் பளு தூக்கும் கப்பி) இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஆறு பேர். நாலு விரல் உயர்த்தியதும் நிறுத்தி, எங்காவது வயர் இழுக்கிறதா என்று கீழே பாருங்கள். எல்லோரும் மறப்பது எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை.

புதுப் பாடியின் அடிப்பக்கத்துக்கு பிரைமரும் அண்டர்கோட்டும் இப்போதே அடித்துவிடுங்கள். மாட்டிய பிறகு கை போகாது. தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ரப்பர்கள் புதிதாக இருக்கட்டும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் தளர்வாகப் போட்டு, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்த பிறகே முடுக்குங்கள்.

எர்த் பிடிக்கும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைத் தொட வையுங்கள். என் வண்டியில் இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்கியது. காரணம் பளபளப்பான அந்தப் புதுப் பெயிண்ட்தான்.

துரு ஏறிய பிரேக் பைப்பைத் திரும்பப் போடாதீர்கள். புதிதாகப் போட்டு, பிரேக் பைப்புக்குள் இருக்கும் காற்றை முழுக்க எடுத்து, பெடல் கெட்டியான பிறகே வண்டியை வாசல் தாண்டி எடுங்கள். ஒரு வாரம் ஓட்டியதும் ரப்பர் அமுங்கியிருக்கும்; பாடி போல்ட்களை மறுபடி முடுக்க, ஸ்பேனரோடு இன்னொரு முறை அடியில் படுக்க வேண்டும்.