சொந்த வெளிச்சமா, இரவல் வெளிச்சமா?

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் 18 வருஷமாக எல்இடி சோதிக்கும் வேலை எனக்கு. இரவு ஷிப்ட் இல்லாத நாளில் ஆயர் ஈத்தாம் பிளாட் நடைபாதையில் நின்று வானத்தைப் பார்ப்பேன். எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இது தானே எரிகிறதா, சூரியனிடம் இரவல் வாங்கியதா? டெலஸ்கோப் இல்லாமலே கண்டுபிடிக்கலாம்.

மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். நடைபாதை விளக்கு கண்ணில் படாதபடி தூண் மறைவில் நில்லுங்கள். கால் மணி நேரம் கைப்பேசியைத் தொடக்கூடாது. தொட்டால் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

முதலில் மினுக்குகிறதா என்று பாருங்கள். நட்சத்திரம் இருக்கும் தூரத்துக்கு அது வெறும் ஊசிமுனை. நடுவில் காற்று அசைந்தாலே துடிக்கும். கோள் சின்ன வட்டம் என்பதால் அந்த ஆட்டம் ஒன்றையொன்று சமன்செய்து, வெளிச்சம் நிதானமாக நிற்கும். ஆனால் அடிவானத்தை ஒட்டி இருந்தால் கோளும் மினுக்கும். கையை நீட்டி, முஷ்டியின் மேல் முஷ்டி வைத்து இரண்டு முஷ்டி உயரம் ஏறும்வரை பொறுங்கள். ஒருமுறை நான் அவசரப்பட்டு, "அதோ வெள்ளி" என்று பக்கத்து வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன். அது எங்களை நோக்கி வந்த விமானத்தின் முகப்பு விளக்கு. நேராக வரும்போது நகராத மாதிரிதான் தெரியும்!

அப்புறம் நிறம். பல்பு பெட்டியில் 3000 கெல்வின் (சூட்டை அளக்கும் அலகு) என்று போட்டிருந்தால் மஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. எல்இடி உண்மையில் அவ்வளவு சூடாவதில்லை. அந்தச் சூட்டில் தகிக்கும் பொருளின் நிறம் என்று மட்டும்தான் அர்த்தம். நட்சத்திரத்திலோ அது நிஜச் சூடு. பிப்ரவரியில் ஒன்பது மணிக்கு அண்ணாந்து பார்த்தால் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அவற்றுக்கு ஒரு பக்கம் ஆரஞ்சாகத் திருவாதிரை, சுமார் 3500 கெல்வின். மறுபக்கம் நீலவெள்ளையாக ரைஜெல், சுமார் 12,000. நம் சூரியன் 5800 அளவில். செவ்வாயும் சிவப்புதானே என்று கேட்கலாம். அது மண்ணில் இருக்கும் இரும்புத்துரு. இரவல் வெளிச்சத்தில் தெரிவது சூட்டின் நிறமல்ல, பட்டுத் திரும்பும் பரப்பின் நிறம்.

நிலா எப்படி என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பார்க்கிங்கில் பெயர்ந்து கிடக்கும் பழைய தார்த்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் அதன் மேல் மட்டும் டார்ச் அடித்து, நான்கு எட்டு தள்ளி நின்று பாருங்கள். பகலில் கருஞ்சாம்பலாகக் கிடந்தது பளிச்சென்று வெளுத்துத் தெரியும். நிலாவும் அப்படித்தான். தன் மேல் விழும் ஒளியில் 100க்குச் சுமார் 12 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. அந்த 12க்கே தைப்பூச இரவில் தண்ணீர்மலைப் பக்கம் நின்றால் பூச நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாமல் மங்கிவிடுகிறது. வெள்ளியின் கந்தக அமில மேகங்கள் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும், அதனால்தான் அந்தப் பளபளப்பு.

மூன்றாம் பிறையன்று இருண்ட பாகமும் லேசாகத் தெரிகிறதா பாருங்கள். சூரிய ஒளி பூமியில் பட்டு, அங்கிருந்து நிலாவில் பட்டு, திரும்ப நம்மிடம் வருகிறது. இரவலுக்கு மேல் இரவல்.

எரிநட்சத்திரம் நொடியில் போய்விடும். காற்றில் பாய்ந்த துகள் சூடாகி எரிவதால் அது சொந்த வெளிச்சம். சிவப்பு, பச்சை விளக்கு எதுவும் கண்சிமிட்டாமல் ஒரு புள்ளி சில நிமிடங்கள் சீராக நகர்ந்தால் செயற்கைக்கோளாக இருக்கலாம். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. இங்கே இருட்டிய பிறகும் அங்கே கொஞ்ச நேரம் வெயில் அடிக்கும். அதனால் எட்டு, எட்டரை மணிவாக்கில் பார்ப்பது நல்லது. விடிவதற்கு முன்னும் பார்க்கலாம். போன மாதம் அது கொடிமலைப் பக்கமிருந்து ஏறி வந்து, உச்சி தாண்டியதும் மங்கி மறைந்தது.

"ஆண்ட்டி, ஃபியூஸ் போச்சா?" என்றான் பக்கத்து வீட்டுப் பையன்.

"இல்லடா, பூமியோட நிழலுக்குள்ள போயிடுச்சு" என்றேன்.