யானையைப் படமெடுக்கக் கற்றல்: மா. கிருஷ்ணன் காட்டிய வழி

காட்டுயிர் ஒளிப்படக்கலையைத் தொழிலாகக் கொள்ள விரும்புபவர், கேமரா வாங்குவதற்கு முன் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்ப்பது நல்லது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். விலையுயர்ந்த லென்ஸ் இல்லையே என்று வருந்துபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

களத்தில் முதலில் கவனிக்க வேண்டியது காற்றின் திசை. யானைக்குப் பார்வையைவிட மோப்பம் மிகக் கூர்மையானது என்பதால், காற்று யானையிடமிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கமே பாதுகாப்பானது. அது தலையை உயர்த்தி, காதுகளை விரித்து, அசையாமல் நின்றால் உங்களை அறிந்துவிட்டது என்று பொருள். படத்தை மறந்து விலகிவிடுங்கள். புலிகள் காப்பகங்களில் சுற்றுலா வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது. ஆகவே எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பயறு நிரப்பிய துணிப்பையின் மேல் லென்ஸைத் தாங்கவைத்து, விலங்கின் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் 400 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/500 நொடியோ அதைவிடக் குறுகியதோ ஆக இருந்தால் கை நடுக்கம் படத்தில் தெரியாது. உச்சி வெயிலில் தோலின் மடிப்புகள் தட்டையாகிவிடும். காலை, மாலைச் சாய்வொளியே உகந்தது.

படம் மட்டும் சோறு போடுவது அரிது. கிருஷ்ணன் 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை குறித்த தொடரை எழுதிவந்தார். நீங்களும் ஒவ்வொரு நாள் இரவும், தூக்கம் எவ்வளவு அழைத்தாலும், கண்ட இடம், நேரம், விலங்கின் நடத்தை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் படுங்கள்.