பள்ளியில் வாசிப்புப் பயிற்சி: தன்னார்வலர்கள் எங்கிருந்து தொடங்குவது?

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் புத்தகம்தான் சேர்ப்பார்கள். பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்துவிடும், வாரம் தவறாமல் வருவதற்குத்தான் ஆள் கிடைக்காது. இந்த வேலைக்கு உயிர்நாடி, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் ஆட்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1. தலைமையாசிரியரைப் பாருங்கள்

"ஏதாவது உதவி செய்யலாம்னு வந்தோம்" என்று போனால் "சொல்லி அனுப்புகிறோம்" என்ற பதில்தான் வரும். எந்த வகுப்பு, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு, யார் பொறுப்பு என்று ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நேரத்தையும் பிள்ளைகளையும் வகுப்பாசிரியரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். விளையாட்டு நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பந்தைப் பிடுங்கிவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் அது தண்டனைதான்.

பாதுகாப்பு விதிகளையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். ஆசிரியர் கண்ணில் படும் இடத்தில்தான் பயிற்சி நடக்க வேண்டும். படம் எடுப்பது, பிள்ளைகளோடு தனியாகப் போனில் பேசுவது, வெளியே அழைத்துப் போவது எதுவும் கூடாது. பள்ளி உங்கள் பின்னணியை விசாரித்தால் கோபப்படாதீர்கள், விசாரிக்கத்தான் வேண்டும்.

2. ஆட்களைக் குறைவாகவே சேருங்கள்

நான்கு பேர், அவசரத்துக்கு மாற்றாள் ஒருவர். தொடங்க இது போதும். ஆளுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள், ஒரு பருவம் முழுவதும் அதே பிள்ளைகள்.

3. பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வகுப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டுகிற பிள்ளையும் இருக்கும். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005-இல் தொடங்கிய, பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்துப் பார்க்கும் அசர் கணக்கெடுப்பின் முறை இதற்கு எளிது. அதில் எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று படிகள் உண்டு. பத்தியில் தொடங்குங்கள். சரளமாக வாசித்தால் கதைக்குப் போங்கள், திணறினால் சொல்லுக்கு இறங்குங்கள். ஐந்து சொல்லில் நான்கு சரியாக வந்தால் அந்தப் பிள்ளை சொல் நிலையில் இருக்கிறது. இல்லையென்றால் எழுத்துக்கு இறங்கிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். 'தேர்வு' என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

4. வகுப்பு நடத்துவது

வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். புத்தகம் பிள்ளையின் கையில் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, அதுவும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வாசிக்க வருகிற வரிகள்.

தவறு வரும்போது என்ன செய்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 'கோழி கூவியது' என்ற வரியைப் பிள்ளை 'கேழி' என்று வாசிக்கிறது என்று வையுங்கள். தமிழில் இது அடிக்கடி நடக்கும். முன்னால் இருக்கும் கொம்பைப் பார்த்த வேகத்தில் பின்னால் நிற்கும் துணைக்காலைக் கண் விட்டுவிடும். உடனே "கோழி" என்று எடுத்துக் கொடுக்கத்தான் வாய் வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

நியூசிலாந்தில் உருவான ஒரு முறை இதற்குக் கைகொடுக்கும்: பொறு, துப்புக் கொடு, பாராட்டு. முதலில் ஐந்து விநாடி சும்மா இருங்கள். அந்த ஐந்து விநாடி ஐந்து நிமிடம் போல இருக்கும், பரவாயில்லை. பல பிள்ளைகள் அதற்குள் தாங்களே திருத்திவிடுவார்கள். திருத்தவில்லை என்றால் துப்பு. வாசித்தது பொருளில்லாமல் இருந்தால் பொருளைக் கேளுங்கள்: "விடியற்காலையில எது கூவும்?" பொருள் பொருந்தி எழுத்து மட்டும் மாறியிருந்தால், அதாவது 'கோழி' இருந்த இடத்தில் 'சேவல்' என்று வாசித்தால், "முதல் எழுத்தைப் பாரு" என்று சொல்லுங்கள். இரண்டு துப்புக்கும் வரவில்லையா, சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். அதற்கு மேல் இழுத்தால் கதை செத்துவிடும்.

பாராட்டும்போது "வெரி குட்" மட்டும் போதாது. "திரும்பிப் பார்த்து நீயே சரி பண்ணிட்டியே" என்று சொன்னால்தான் எதற்குப் பாராட்டு என்று பிள்ளைக்குப் புரியும்.

5. ஒரு நோட்டு

பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, வாசித்தது, தடுக்கிய சொற்கள். மாற்றாள் வரும் நாளில் இதன் அருமை தெரியும்.

6. இரண்டு மாதம் கழித்து

3-ஆம் பகுதியில் சொன்னபடி பிள்ளை எங்கே நிற்கிறது என்று மறுபடி பார்த்து, முடிவை வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். ஒரு பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றால் முதலில் வருகையைப் பாருங்கள், பிள்ளையின் வருகையோடு உங்களுடையதையும் சேர்த்து. தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகிறதா, சொன்னதையே திரும்பக் கேட்கிறதா என்பதையும் கவனித்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். இன்ன குறைபாடு என்று நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள். கதையைத் தடையில்லாமல் வாசிக்கும் பிள்ளையை விடுவித்து, காத்திருக்கும் அடுத்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம். பத்தி நிலைக்கு வந்ததுமே விட்டுவிட வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் கூட உட்காருங்கள்.