செஸ் இன்ஜின் பலத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஸ் ஆடும் மென்பொருளான இன்ஜினின் புது வெர்ஷனைப் பழையதோடு 100 ஆட்டம் மோதவிட்டு 55–45 என்று வந்ததும் "புது வெர்ஷன் 35 எலோ கூடிவிட்டது" என்று அறிவிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எலோ என்பது பலத்தைக் காட்டும் ரேட்டிங் புள்ளி; 35 என்ற கணக்கில் பிழையில்லை. 55 சதவீதப் புள்ளிகளுக்கு எலோ சூத்திரம் தருவது அதுதான். ஆனால் பாதி ஆட்டங்கள் டிரா ஆகும் போட்டியில், 100 ஆட்டத்துக்கான பிழை வரம்பு 95 சதவீத உறுதியில் ஏறத்தாழ ±48. புது வெர்ஷன் பழையதைவிட மோசமாகக்கூட இருக்கலாம். 1,000 ஆட்டத்தில் அது ±15 ஆகும். 10,000 ஆடினால்தான் ±5. வரம்பைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டம் வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்து, பிடித்த இன்ஜின் முன்னிலைக்கு வந்ததும் நிறுத்துவது அதைவிட மோசம். சமபலமுள்ள இரண்டில் எதுவும் ஏதோவொரு கட்டத்தில் முன்னால் நிற்கத்தான் செய்யும். எப்போது நிறுத்துவது என்ற விதி தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஆட்டம் ஆட்டமாகச் சான்றைக் கூட்டி, முன்பே வகுத்த எல்லையைத் தொட்டதும் நிறுத்தும் எஸ்.பி.ஆர்.டி. முறை அதற்குத்தான், ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் குழுவின் சோதனைத் தளமான ஃபிஷ்டெஸ்ட் இதைத்தான் பயன்படுத்துகிறது, இன்ஜின்களை மோதவிடும் கட்செஸ், ஃபாஸ்ட்செஸ் மென்பொருள்கள் இரண்டிலும் வசதி உண்டு. சோதிக்கும் கருதுகோள்கள் இரண்டு: கூடியது 0 எலோ, கூடியது 5 எலோ. தவறாகத் தேற்றும், தவறாக ஒதுக்கும் வாய்ப்புகளான ஆல்ஃபா, பீட்டா இரண்டும் 0.05 என்று கொடுத்தால், சான்று எந்தப் பக்கம் என்று காட்டும் எல்.எல்.ஆர். எண் +2.94ஐத் தொட்டால் மாற்றம் தேறியது, −2.94ஐத் தொட்டால் தேறவில்லை. நடுவில் 2.5 வரை ஏறியதைப் பார்த்துக் குதிக்க வேண்டாம்.

ஆரம்ப நிலையிலிருந்தே மோதவிட்டால் இன்ஜின்கள் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும். எண்ணிக்கை கூடும், தகவல் கூடாது. பலவகைத் தொடக்க நிலைகள் அடங்கிய ஓப்பனிங் கோப்பு கொடுங்கள். ஒவ்வொரு ஓப்பனிங்கையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவிடுங்கள். பலமான இன்ஜின்களுக்குச் சமநிலை ஓப்பனிங் கொடுத்தால் டிராவாகவே குவியும். வெள்ளைக்குக் கொஞ்சம் சாதகமான யு.எச்.ஓ. என்ற ஓப்பனிங் தொகுப்புகள் அவற்றுக்குப் பொருத்தம்.

பாண்டர் வசதி அணைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் எதிராளி யோசிக்கும் நேரத்திலும் இன்ஜின் யோசித்துப் பிராசசரைத் தின்னும். ஹேஷ் (ஆராய்ந்த நிலைகளை வைக்கும் நினைவகம்) அளவும் திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) எண்ணிக்கையும் இரண்டு இன்ஜினுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்று பிராசசரின் வேகமான ஏவிஎக்ஸ்2 கட்டளைகளைப் பயன்படுத்தும் பில்ட், மற்றது பழைய பில்ட் என்றால் நீங்கள் அளப்பது கம்பைலரைத்தான். 8 கோர், 16 திரெட் உள்ள கணினியில் 16 ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். 6 அல்லது 7 போதும். மீறினால் 10 நொடி + 0.1 நொடி (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதல்) போன்ற குறுகிய நேரக் கட்டுப்பாட்டில் இன்ஜின்கள் நேரம் தீர்ந்தே தோற்கும். முடிவில், ஆட்டங்கள் பதிவாகும் பிஜிஎன் கோப்பில் அப்படித் தோற்றவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சென்னையில் கத்திரி வெயில் நாட்களில் லேப்டாப் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரே போட்டியில் மாறி மாறி ஆடும் இரண்டு இன்ஜின்களுக்கும் அது பெரும்பாலும் பொதுதான். ஆனால் ஒரு இன்ஜினை விடியற்காலையிலும் இன்னொன்றை மதியம் 2 மணிக்கும் பொது எதிராளியோடு மோதவிட்டு ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். ஸ்டாக்ஃபிஷில் வேகத்தை அளக்கும் பெஞ்ச் கட்டளை கொடுத்து, நொடிக்கு எத்தனை நோட் (ஆராயும் நிலை) என்பதைத் தொடக்கத்திலும் சில மணி நேரம் கழித்தும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் பிராசசரின் டர்போவை அணைத்து வேகத்தை நிலையாக்குங்கள்.

இன்ஜின்களுக்கான சி.சி.ஆர்.எல். ரேட்டிங் பட்டியலில் ஒரு இன்ஜின் 3600ஐத் தாண்டி நிற்பதை குகேஷின் ஃபிடே ரேட்டிங்கோடு ஒப்பிடுவது வீண்வேலை. எலோ என்பது ஒரே கூட்டத்துக்குள் ஆடியவர்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே; இந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று ஆடுவதில்லை. அதேபோல், தன் பழைய வெர்ஷனோடு ஆடி வந்த 20 எலோ, வேறு இன்ஜின்களோடு மோதும்போது பெரும்பாலும் சுருங்கும்.

கரண்ட் போய்விட்டால் முடிந்த ஆட்டங்கள் பிஜிஎன் கோப்பில் பத்திரமாகவே இருக்கும். ஆனால் கட்செஸை அப்படியே மறுபடி ஓட்டினால் ஓப்பனிங் கோப்பை முதலிலிருந்தே எடுக்கும், பழைய ஓப்பனிங்குகளே திரும்ப வரும். 600 ஆட்டம் முடிந்திருந்தால் 300 ஓப்பனிங் தீர்ந்தது. ஓப்பனிங் அமைப்பில் தொடக்க எண்ணை 301 என்று மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.